இருப்பதா, வருவதா?

அன்புள்ள அண்ணனுக்கு,

சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைக்குப் பக்கம். என் பெயரைப் போடவேண்டாம். போட்டால் யாராவது அப்பாவிடம் போய், ‘மகளுக்கு அங்க என்ன பிரச்சினை?’ என்று கேட்பார்கள்.

நான் நர்ஸ். வடமேற்கு இங்கிலாந்துக்கு வந்து ஐந்து வருஷத்துக்கு மேலாகிறது. வெளிநாட்டு நர்சுகள் எழுதவேண்டிய ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு பாஸாகி, பேண்ட் 5 என்ற சம்பளப் படியில் நர்சாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. மூன்று மாதம் கழித்து கணவரும் மகனும் வந்தார்கள். மகனுக்கு இப்போது ஒன்பது வயது. போன மாதம் நிரந்தரமாகத் தங்கும் உரிமை, ஐ.எல்.ஆர்., கிடைத்துவிட்டது. அடுத்த வருஷம் குடியுரிமைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் இவர். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

2024 ஆகஸ்டில் இங்கே கலவரம் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சண்டர்லாந்தில் அவசர டியூட்டிக்குப் போன பிலிப்பைன்ஸ் நர்சுகளின் டாக்சி மீது கல்லெறிந்தார்கள். அந்த வாரம் நைட் டியூட்டி முடிந்து நாங்கள் நாலுபேர் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தோம். கலவரம் அடங்கியது. ஆனால் போன குளிர்காலத்தில் பஸ் நிறுத்தத்தில் ஒரு வயசானவர் என்னைப் பார்த்து, ‘எப்போது உன் ஊருக்குப் போகிறாய்?’ என்றார். அவர் கையில் எங்கள் ஆஸ்பத்திரியின் மருந்துப் பை. முந்தின வாரம் எங்கள் வார்டில் கிடந்தவராகக்கூட இருக்கலாம். 2025 மே மாதத்தில், ஐ.எல்.ஆருக்குக் காத்திருக்கும் ஐந்து வருஷத்தைப் பத்து வருஷமாக்கப் போகிறோம் என்று அரசாங்கம் சொன்னதிலிருந்து எங்களுக்குச் சரியான தூக்கம் இல்லை. எப்படியோ தப்பித்துவிட்டோம். தப்பித்த பிறகும் சந்தோஷம் வரமாட்டேன் என்கிறது.

மகனுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான். அம்மா போனபின் அப்பா தனியாக இருக்கிறார். ஒரு ஏக்கர் ரப்பர். எழுபத்திரண்டு வயதிலும் அவரே பால்வெட்டப் போகிறார். ‘நாங்க வரட்டுமாப்பா’ என்றால் ‘இங்க வந்து என்ன செய்யப்போறே மக்களே’ என்கிறார். பாஸ்போர்ட்டை மாற்றினால் அந்த நிலமும் கைவிட்டுப் போய்விடும் என்று சித்தப்பா சொல்கிறார். நீங்கள் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். இருப்பதா, வருவதா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

*

அன்புத் தங்கைக்கு,

ஒரு வார்த்தைதான் வேண்டுமென்றால்: இருங்கள். மீதியெல்லாம் அதற்கு உரை.

சித்தப்பா சொன்னதை முதலில் தீர்த்துவிடுவோம். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிய அன்றே 1955ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். அப்புறம் வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கொள்ளலாம். அதை வைத்திருப்பவர் விவசாய நிலமோ தோட்டமோ புதிதாக விலைக்கு வாங்க முடியாது. ஆனால் அப்பாவின் ஒரு ஏக்கர் வாரிசாக உங்களுக்கு வருவதை அது தடுக்காது. பின்னால் விற்பதென்றால் இங்கேயே வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கவேண்டும். வேடிக்கை என்னவென்றால், நீங்கள் பாஸ்போர்ட்டை மாற்றாமலே இருந்தாலும், வெளிநாட்டில் வசிக்கும்வரை ஒரு சென்ட் ரப்பர் தோட்டம்கூடப் புதிதாக வாங்க முடியாது. சித்தப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள். ஓ.சி.ஐ. அட்டையோடு இங்கே நர்சாக வேலையும் பார்க்கலாம். ஓட்டு மட்டும் கிடையாது. அது இழப்புதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

இன்னொன்று. ஐ.எல்.ஆரை வைத்துக்கொண்டு ஊருக்கு வந்து, தொடர்ந்து இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டால் அந்த உரிமை போய்விடும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஆக, ஊருக்கு வந்து வாழ்ந்து பார்க்கத் துணிச்சல் தரப்போவதே நீங்கள் வாங்கத் தயங்குகிற அந்தப் பாஸ்போர்ட்தான். இதை உங்கள் கணவர் ஏற்கெனவே யோசித்திருப்பார், உங்களிடம் சொல்லப் பயந்திருப்பார்.

சரி, பஸ் நிறுத்தம். ‘எப்போது உன் ஊருக்குப் போகிறாய்’ என்பது நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பழகின கேள்வி. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் நாம் ‘பாண்டி’. ஆரல்வாய்மொழி தாண்டி மற்றத் தமிழ்நாட்டுக்குள் போனால் ‘மலையாளத்தான்’. மதுரையில் நான் படிக்கும்போது ஒருவன், ‘நல்லா தமிழ் பேசுறியே, எப்ப கத்துக்கிட்டே?’ என்று மெய்யாகவே ஆச்சரியப்பட்டான். என் பாட்டி வீட்டுத் திண்ணையை விட்டு நகராமலே 1956 நவம்பர் 1 அன்று, நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, ராஜ்ஜியம் மாறியவள். அதற்குப் பிறகும் சாகும்வரை அவளுக்குத் தலைநகரம் திருவனந்தபுரம்தான். பத்மநாபபுரம் அரண்மனையை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. அதை யாரும் ஊருக்குப் போகச் சொல்லவில்லை.

சிரிப்பதற்காகச் சொன்னேன். உங்களுக்கு நடந்ததைச் சிரித்துத் தள்ளுங்கள் என்று சொல்லவில்லை. அந்த டாக்சி மேல் விழுந்தது நிஜமான கல். ஆனாலும் நீங்கள் ஐ.எல்.ஆருக்காக எழுதிய ‘லைஃப் இன் த யு.கே.’ தேர்வை, 24 கேள்விக்கு 18 சரியாக எழுதவேண்டிய அந்தத் தேர்வை, பஸ் நிறுத்தத்துத் தாத்தாவிடம் கொடுத்தால் அவர் பாஸாவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

பத்மநாபபுரம் என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கிருந்து கொஞ்சதூரத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போயிருப்பார்கள், மானைப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். உள்ளே கூரை போன ஒரு சின்னக் கோயில் நிற்கிறது, கிறிஸ்தவக் கோயில். அதற்குள் டிலனாயின் கல்லறை. கதை தெரிந்ததுதான்: 1741இல் குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படை திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது, பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். இருபத்தாறு வயசு. கைதியாக வந்தவர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்தார், உதயகிரியைப் பலப்படுத்தினார். நாம் சாயங்காலம் காற்று வாங்கப்போகும் வட்டக்கோட்டையிலும் அவர் கை உண்டு. ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய தளபதி, ஆனார். 1777இல் சாகும்வரை முப்பத்தாறு வருஷம் இங்கேதான்.

பாடப்புத்தகத்தில் இது வெற்றிக் கதை. எனக்கு அதில் ஒரு இடம் உறுத்தும். கிறிஸ்தவர் என்பதால் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் அவருக்கு அனுமதி இல்லை என்பார்கள். ராஜாவின் படைக்குத் தலைவர், ராஜாவின் வீட்டுக்குள் கால்வைக்க முடியாது. அதனால் கோட்டையிலேயே குடியிருந்தார். கோட்டைச் சுவரில் நின்று, ‘இங்கே நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்’ என்று அவரும் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். கேட்டாரோ இல்லையோ, சுவர் கட்டினார், பீரங்கி வார்த்தார், குடும்பம் நடத்தினார். மனைவியும் மகனும் பக்கத்திலேயே கிடக்கிறார்கள். கல்லறைக் கல்லில் லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. அரண்மனைக் கதவு திறந்தபிறகு பெட்டியைப் பிரிக்கலாம் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை.

உட்கார்ந்திருந்தவன் நான். மஸ்கட்டில், ரூவியில், பதினாலு வருஷம். ‘இன்னும் ரெண்டு வருஷம்’ என்றுதான் ஒவ்வொரு தடவையும். நாளைக்குப் போகிறவனுக்கு எதற்கு நல்ல மெத்தை என்று முதுகு வலிக்க வலிக்கப் பழையதிலேயே படுத்தேன். டிவி வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போடவில்லை. ஊருக்குப் போகும்போது பேக் பண்ணவேண்டுமே. டிவி கெட்டுப்போன பிறகும் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. அரபி படிக்கவில்லை. மாடியில் குடியிருந்த பலூச்சிக் குடும்பம் மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டது, ஒருதடவைகூடப் போகவில்லை. எங்களுக்கு அங்கே தங்கும் உரிமை என்று ஒன்று கிடையாது, விசா அர்பாபின், அதாவது முதலாளியின், கையில். அதனால் இருப்பதா வருவதா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலையும் இல்லை. ஒருநாள் கம்பெனி (பெயர் எதற்கு) இரண்டு வார நோட்டீஸும், தன் அலமாரியில் பூட்டி வைத்திருந்த என் பாஸ்போர்ட்டும் கையில் கொடுத்தது. முடிந்தது. நீங்கள் பாரமாகச் சுமக்கிற கேள்வி எங்களுக்கெல்லாம் கிடைக்கவே இல்லை என்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

வந்தபின் என்ன ஆயிற்று தெரியுமா? தக்கலையில் உட்கார்ந்துகொண்டு நாலு வருஷம் ரூவியைப் பற்றியே பேசினேன். அங்கே ரோடு எப்படி, ஆபீசில் வேலை எவ்வளவு சட்டென்று நடக்கும், ஒருத்தன் ஹார்ன் அடிப்பானா என்று. என் மனைவி ஒருநாள் சாளை நறுக்கிக்கொண்டே சொன்னாள்: ‘அங்க இருக்கும்போ ஊருலயே இருந்தீங்க. ஊருக்கு வந்தபிறகு அங்கயே இருக்கீங்க. வீட்டுக்கு எப்ப வருவீங்க?’ பதில் சொல்லத் தெரியாமல் மீன் கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

உங்கள் மனசிலிருக்கும் உறுத்தல் இங்கிலாந்தை விட்டால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், அது உங்களோடு ஃப்ளைட் ஏறும். அதற்காகத்தான் இருங்கள் என்றேன். இருப்பதென்றால் அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போட்டுவிட்டு இருங்கள். அங்கே ஓட்டுரிமை இருக்கிறது, போடுங்கள். (ஐ.எல்.ஆரோடு இருக்கும் இந்தியக் குடிமக்களுக்குக்கூட பிரிட்டனில் ஓட்டு உண்டு. காமன்வெல்த் என்பதால் வரும் உரிமை. நம் ஆட்கள் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.)

மகனின் தமிழுக்கு ரொம்பக் கவலைப்படாதீர்கள். நாகர்கோவிலில் கான்வென்டில் படிக்கும் பிள்ளையும் இப்போது ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை தாத்தாவோடு போனில் பேசவிட்டு, நீங்கள் அந்த அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் இரண்டுபேரும் எப்படியாவது பேசிக்கொள்வார்கள்.

நீங்கள் இருக்கிற வடமேற்கிலிருந்துதான், கெண்டல் என்ற ஊரிலிருந்து, ஒரு சர்ஜன் நம் மாவட்டத்து நெய்யூருக்கு வந்தார். ஹோவர்ட் சாமர்வெல். 1922இல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்தவர். அது முடிந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூர் ஆஸ்பத்திரியில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, லண்டன் வேலையை வேண்டாமென்று விட்டுவிட்டுத் தங்கினார். நெய்யூர், அப்புறம் வேலூர், எல்லாம் சேர்த்து நாற்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட. 1961இல் ஓய்வுபெற்று இங்கிலாந்துக்கே திரும்பி, 1975இல் ஆம்பிள்சைடில் இறந்தார். கடைசியில் போய்விட்டாரே என்று நெய்யூர்ப் பக்கம் யாரும் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. இருந்தவரைக்கும் இங்கே இருந்தார். நீங்களும் அறுபது வயதில் அருமனைக்கு வரலாம். அதை இந்த வருஷமே முடிவு பண்ணவேண்டியதில்லை.

கடைசியாக அப்பா. உங்கள் கடிதத்தில் இங்கிலாந்தைப் பற்றி எழுதிய இடத்திலெல்லாம் கோபம் தெரிகிறது. அப்பாவைப் பற்றிய நாலு வரியில்தான் பயம் தெரிகிறது. அதற்கு நாட்டை மாற்றவேண்டியதில்லை. எழுபத்திரண்டு வயசில், விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, மழை பெய்து வழுக்குகிற சரிவில் அவர் பால்வெட்டக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். பக்கத்துத் தோட்டத்தில் வெட்டுகிற ஆளையே பங்குக்குப் பேசிவிடுங்கள். பாதி போனால் போகட்டும். பாலை உறையவைத்து ஷீட் அடிப்பதையும், மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் எடுப்பதையும் அவர் கையிலிருந்து பிடுங்கவேண்டாம், அதுவும் இல்லையென்றால் மனுஷன் படுத்துவிடுவார். எல்லோரும் ஊருக்கு வரும் டிசம்பர் மாதத்தில் இரண்டு வாரம் வந்து கல்யாண வீடு கல்யாண வீடாக ஏறி இறங்குவதற்குப் பதில், லீவைச் சேர்த்துவைத்து மழைக்காலத்தில் ஒரு மாதம் வாருங்கள். அப்போது ஊரில் விருந்தாளி யாரும் இருக்கமாட்டார்கள். மரச்சீனியும் மீன்கறியும் வைத்துவிட்டு அவரோடு சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

ஆனால் ‘வரட்டுமா’ என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். எந்த அப்பனும் ‘வா’ என்று சொல்லமாட்டான். ‘இந்த வருஷம் மரத்துக்கு ரெயின் கார்டு யாருப்பா போட்டது?’ என்று, வெட்டுகிற இடத்தில் மழை படாமல் கட்டும் மறைப்பைப் பற்றிக் கேளுங்கள். நூற்றுச் சொச்சம் மரத்துக்கும் நானே போட்டேன் என்றாரானால் அன்றைக்கே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்