‘கெட்’டை விடுங்கள், தமிழிலிருந்தே ஜெர்மனுக்குப் போங்கள்

ஸ்டுட்கார்ட் வந்து நாலு மாதம், பி1 என்கிற இடைநிலை ஜெர்மன் வகுப்பில், ஆங்கிலத்து ‘கெட்’ (get) வருகிற இடத்திலெல்லாம் ‘பெகோமன்’ (bekommen) போடுகிறேன், பாதிக்குப் பாதி தப்பு என்று ஆசிரியை சுழிக்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. நானும் அதே பள்ளத்தில் விழுந்தவன்.

வந்த முதல் குளிர்காலம். கோட்டு ஆர்டர் போட்டிருந்தேன். இங்கே நாம் வீட்டில் இல்லையென்றால் பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கீழ்வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும், பள்ளியில் படித்த ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். “டிட் யூ கெட் மை பார்சல்?” என்றேன். “நோ, நோ!” என்று பதறிவிட்டார். மூன்று நாள் ஸ்வெட்டரோடு நடுங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். நாலாம் நாள் அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. குடைகளுக்குப் பக்கத்தில் என் பெயர் ஒட்டிய பெட்டி!

அவர் பொய் சொல்லவில்லை. ‘கெட்’ என்றால் பெகோமன் என்றுதான் படித்திருக்கிறார். பெகோமன் என்றால் கிடைப்பது. உங்கள் பார்சல் எனக்கு எப்படிக் கிடைக்கும், அது உங்களுடையதாயிற்றே என்றுதான் பதறியிருக்கிறார். அவர் செய்தது அன்னேமன், வாங்கி வைப்பது. நான் செய்ய வேண்டியது அப்ஹோலன், போய் எடுத்து வருவது.

கவனித்தீர்களா? கிடைக்கிறது, வாங்கி வைக்கிறார், எடுத்து வருகிறேன். தமிழிலும் தனித்தனிச் சொல்தான். வயசாகிறது என்கிற ‘ஆகு’ ஜெர்மனில் வேர்டன். புரிகிறது என்றால் ஃபெர்ஷ்டேயன். பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு அவுஸ்ஷ்டைகன். இத்தனையையும் ஒரே ‘கெட்’டில் அடைப்பது ஆங்கிலம்தான். அதை ஏன் நடுவில் உட்கார வைக்கிறீர்கள்?

இதைவிட எனக்குப் பிடித்தது ஒன்று. குளிர்கிறது என்பதற்கு ஆங்கிலத்தை நினைத்து ‘இஷ் பின் கால்ட்’ என்றால், நான் மனசில் ஈரமில்லாத மனுஷன் என்கிற மாதிரி ஆகிவிடும். ‘மியர் இஸ்ட் கால்ட்’ என்பார்கள். மியர் என்றால் எனக்கு. எனக்குக் குளிருது! அப்படியே நம்ம ஊர்ப் பேச்சு. இதைக் கண்டுபிடித்த அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பெகோமனை ஒதுக்கவும் வேண்டாம், கடையில் ரொட்டி கேட்க அது சரியான சொல். ஆனால் பார்சல் தேடிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால், “ஹாபன் ஸீ மைன் பகேட் அங்கெனோமன்?”, அதாவது ‘என் பார்சலை வாங்கி வைத்தீர்களா?’ என்று கேளுங்கள்.