பழைய மடிக்கணினியில் ஹாம் வானொலி: எந்த இலவச மென்பொருள்?

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஹாம் வானொலிக்கு (உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காகத் தாங்களே அனுப்பிப் பெறும் வானொலி) எந்தத் திறந்தமூல மென்பொருளைப் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் முதல் தெரிவு டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ். 1993இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் தொடங்கிவைத்தது. அதிலுள்ள எஃப்டி8 என்ற டிஜிட்டல் தொடர்பு முறை 15 விநாடிக்கொரு தடவை, காதுக்கு எட்டாத சிக்னலையும் எழுத்தாக்கித் திரையில் காட்டும். 14.074 மெகாஹேர்ட்ஸில் பாருங்கள். கணினிக் கடிகாரம் சில விநாடி பிசகினாலே ஒன்றும் வராது. பாவம், அன்ரனாதான் திட்டு வாங்கும்! நிலையம் இருக்கும் கட்டத்தைக் காட்டும் இடக்குறியீட்டிலும் கவனம்: கட்டங்களைப் பிரிக்கும் 80 பாகை கிழக்கு நெடுங்கோடு பக்கத்தாலேயே போவதால் யாழ் நகரம் என்ஜே09, ஊர்காவற்றுறை எம்ஜே99. செயற்கைக்கோளைப் பின்தொடர ஜிபிரெடிக்ட், கையடக்க வானொலிக் கருவியில் அலைவரிசைகளைப் பதிய சிர்ப். எல்லாம் டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தின் மென்பொருள் களஞ்சியத்திலேயே உண்டு. அப்புறம், அனுப்பும் பொத்தானைத் தொடுமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமத்தை எடுத்துவிடுங்கள்.