கவுண்ட் ஊசி பத்திக் கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கறப்ப ரத்தத்தில வெள்ளையணு எண்ணிக்கை இறங்கும், அதைத்தான் 'கவுண்ட்'ங்கறோம். அதை ஏத்தறதுக்குப் போடறது கவுண்ட் ஊசி. கீமோ வார்டில் 19 வருஷம் நர்ஸா இருந்தவள் நான். டாக்டர் இல்லை. அதனால "எங்களுக்கு இந்த ஊசி தேவையா"ன்னு கேட்டா உங்க டாக்டர்கிட்டதான் திருப்பி அனுப்புவேன். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன்: கீமோ எடுக்கறவங்களுக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தா, ராத்திரி ரெண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்.

தேனி மகள்: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ முடிஞ்சதும் ஒரு ஊசியைக் கையில கொடுத்து "நாளைக்குப் போட்டுக்கோங்க"ன்னு அனுப்பிட்டாங்க. அங்கேயே போட்டிருக்கலாமே சிஸ்டர்?

நல்லவேளை போடலை. கீமோ மருந்து வேகமாப் பெருகற செல் எதைப் பார்த்தாலும் அடிக்கும். எலும்பு மஜ்ஜையில வெள்ளையணு உண்டாகற இடமும் அடி வாங்கும். கிருமியோட முதல்ல மோதற நியூட்ரோஃபில் அணுக்கள் பொதுவா 7லிருந்து 14 நாளுக்குள்ள ரொம்பக் கீழ இறங்கும். மஜ்ஜையைப் பார்த்து "நியூட்ரோஃபில் செய்"னு சொல்ற ஒரு புரதம் நம்ம உடம்பிலேயே இருக்கு, ஜி-சி.எஸ்.எஃப்-னு பேரு. அதை பாக்டீரியாவுக்குள்ள வச்சுத் தயாரிச்சதுதான் ஃபில்கிராஸ்டிம். 1991-ல அமெரிக்காவில் அனுமதி வாங்கினது. கீமோ மருந்து உடம்பில ஓடிட்டிருக்கும்போதே இதைப் போட்டா, புதுசாப் பெருகற செல்லும் சேர்ந்து சாகும். அதுக்குத்தான் 24 மணி நேரம் தள்ளிப் போடறது.

அம்மாவுக்குக் கொடுத்தது ஒத்தை ஊசின்னா அது பெக்ஃபில்கிராஸ்டிமா இருக்கும், 6 மில்லிகிராம். 2002-ல வந்தது. அதே புரதத்துக்கு பாலிஎத்திலீன் கிளைக்கால்னு ஒரு வால் ஒட்டியிருக்காங்க. அந்த வால் இருக்கறதால சிறுநீரகத்தால அதை வெளியே தள்ள முடியாது. அப்போ யார் காலி பண்றாங்க? நியூட்ரோஃபிலேதான்! கவுண்ட் கம்மியா இருக்கறவரை மருந்து உடம்பில தங்கும், கவுண்ட் ஏற ஏறத் தானே கரையும். இத்தனை வருஷம் போட்டும் இந்தச் சங்கதி எனக்கு அலுக்கலை. அடுத்த கீமோவுக்கு 14 நாள் இடைவெளி இருக்கணும், தேதியைக் குறிச்சு வைங்க.

சங்கரன்கோவில்காரர்: சென்னையில கீமோ, ஊருக்கு பஸ்ல பத்து மணி நேரம். ஊசி கெட்டுடுமா?

ஐஸ் பெட்டியில வச்சு எடுத்துட்டுப் போங்கண்ணே. ஐஸ் மேல நேரா படாம ஒரு துணியைச் சுத்துங்க. வீட்டில ஃப்ரிட்ஜோட நடுத்தட்டில வைங்க, 2லிருந்து 8 டிகிரி செல்சியஸ். ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். மீனுக்குப் பக்கத்துல கல்லாட்டம் உறைஞ்ச ஊசியை எடுத்துட்டு வந்த தாத்தா ஒருத்தரை எனக்குத் தெரியும். உறைஞ்சா நீங்களா முடிவு பண்ணாம மருந்துக்கடையில கேளுங்க. குலுக்கக் கூடாது. போடறதுக்கு அரை மணி முன்னாடி வெளிய எடுத்து வச்சா எரிச்சல் குறையும்.

மதுரை: ஊசி போட்ட மூணாம் நாள் இடுப்பெலும்பு, முதுகெல்லாம் உடைக்கற மாதிரி வலி. கேன்சர் எலும்புக்குப் பரவிடுச்சோ?

பயப்படாதீங்க. மஜ்ஜை மும்முரமா வேலை செய்யற வலி அது, நிறைய பேருக்கு வரும். இருந்தாலும் டாக்டர் காதில போட்டு வைங்க. வலி மாத்திரையும் அவரைக் கேட்டே எடுங்க. ஆனா மாத்திரை போடறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க. பாரசிட்டமால் வலியோட சேர்த்துக் காய்ச்சலையும் மறைச்சிடும். இடது விலாவுக்குக் கீழயோ இடது தோள்பட்டையிலோ சுருக்குனு வலிச்சா அது வேற கதை. அபூர்வம்தான், ஆனா மண்ணீரலைப் பார்க்கணும். உடனே போங்க.

ஓசூர் தம்பி: அப்பாவுக்கு தினசரி ஊசி. ரெண்டு போட்டதுமே கவுண்ட் ஏறிடுச்சு, நிறுத்திடலாமா?

கூடாது தம்பி. முதல்ல ஏறறது மஜ்ஜையில ஏற்கெனவே இருந்த சரக்கு வெளிய வர்றது. அது தீர்ந்ததும் இறங்கும். எத்தனை ஊசின்னு டாக்டர் சொன்னாரோ அத்தனையும் போடணும்.

விழுப்புரம்: பப்பாளி இலைச் சாறு கொடுத்தா கவுண்ட் ஏறுமாமே?

டெங்குல தட்டணுவுக்குக் குடிக்கறாங்க. நாம பேசறது வெள்ளையணு. வேண்டாம்.

கும்பகோணம் மாமி: கவுண்ட் இறங்கும்போது தயிர் கூடாதுன்னு பக்கத்து பெட்காரா சொன்னா. ஆத்துக்காரர் தயிர் சாதம் இல்லாம படுக்கவே மாட்டார்.

சேலம்: எங்க டாக்டரும் கூடாதுன்னார்.

திருச்சி: எங்க டாக்டர் தாராளமா சாப்பிடச் சொன்னாரே!

சேலம்: தயிரே உயிருள்ள பாக்டீரியாதானே? எதிர்ப்புச் சக்தி இல்லாதவங்களுக்கு அதையே கொடுப்பாங்களா?

திருச்சி: வாய் புண்ணுக்கு வேற எது இறங்கும்? உங்க ஊர்ல பட்டினி போடுவாங்களா?

சண்டை போதும். கிருமியில்லா உணவுன்னு கண்டிப்பான பத்தியம் ஒண்ணு ரொம்ப வருஷமா இருக்கு: பச்சைக் காய் கூடாது, பழம் கூடாது, தயிர் கூடாது. அதையும் வெறுமனே சுத்தமாச் சமைச்ச சாப்பாட்டையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வுகள்ல, பத்தியத்தால நோய்த்தொற்று குறைஞ்சதாத் தெரியலை. நிறைய தொற்று நம்ம குடல்ல, தோல்ல இருக்கற கிருமியிலிருந்தே வருது. அதனால சேலம் டாக்டர் பழைய வழக்கப்படி சொல்றார், திருச்சி டாக்டர் புதுசைப் பார்த்துச் சொல்றார். மஜ்ஜை மாற்று சிகிச்சைன்னா கணக்கு வேற. மாமி, உங்க டாக்டர் சரின்னா, நல்லாக் காய்ச்சின பால்ல வீட்டில உறை ஊத்தின புதுத் தயிர் போடுங்கோ. பழசு வேண்டாம், கடைத் தயிர்ப் பொட்டலத்தைத் திறந்து நாள்கணக்கா வைக்க வேண்டாம். சாப்பாட்டைவிட கையைத்தான் நான் பார்ப்பேன். பார்க்க வர்ற சொந்தக்காரங்களை வாசல்லயே கை கழுவ வைங்கோ.

சேலம்: நான் இன்னும் ஒத்துக்கலை.

சரி, நீங்க மோர் குடிக்காதீங்க.

நாமக்கல்: 100.2 இருக்கு, பாரசிட்டமால் கொடுக்கலாமா?

உங்க டாக்டருக்குப் போன் பண்ணிட்டு, அரை மணிக்கொரு தடவை பாருங்க. மாத்திரையை முதல்ல கொடுக்காதீங்க.

ஈரோடு: ஊசி போட்டாச்சு, இனி காய்ச்சலே வராதுதானே?

வரலாம். வாய்ப்பைக் குறைக்கும், அவ்வளவுதான்.

கடலூர்: மாமனாருக்குக் கீமோ முடிஞ்சு ஒன்பது நாள். சாயங்காலம் 101 இருந்தது. பாரசிட்டமால் கொடுத்ததும் இறங்கிடுச்சு. காலையில போனா போதுமா?

முதல் பத்தியைப் படிச்சீங்களா? இறங்கினது காய்ச்சல்தான், கிருமி இல்லை. ஒன்பதாம் நாள் கவுண்ட் அடிமட்டத்தில இருக்கும். சீழ் பிடிக்கக்கூட வெள்ளையணு இருக்காது, அதனால வெளிய ஒண்ணும் தெரியாது. வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் ஏத்தணும்னு ஆஸ்பத்திரியிலேயே அவசரப்படுவாங்க. நீங்க இங்க டைப் பண்ணிட்டிருக்கீங்க.

அரியலூர்: காய்ச்சலுக்கு பாரசிட்டமால்…

மேலே படிங்க.

கடலூர்: ஆட்டோ வந்துடுச்சு சிஸ்டர், கிளம்பறோம்.

ஃபைலை மறக்காதீங்க. கடைசி கீமோ தேதியையும் ஊசி போட்ட தேதியையும் கேஷுவால்டி வாசல்லயே சொல்லுங்க, வரிசையில உட்கார வைக்க விடாதீங்க.