டிஎன்எஸ் மாற்றியும் விளம்பரப் பக்கம் வருவது ஏன்

ரவுட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கேட்டு அதன் எண் முகவரியைச் சொல்லும் சேவை) எண்ணாக கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் 1.1.1.1 போட்ட பிறகும், முகவரியைத் தப்பாக அடித்தால் இணைய கம்பெனியின் விளம்பரப் பக்கம்தான் வருகிறது என்கிறீர்கள். எண்ணை மாற்றினால் மட்டும் போதாது, டிஎன்எஸ் கேள்வியைப் பூட்டி அனுப்ப வேண்டும். குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ் அமைப்புகளில் 'செக்யூர் டிஎன்எஸ்' போன்ற பெயரில் இருக்கும். அதை இயக்கி கிளவுட்ஃப்ளேரைத் தேர்ந்தெடுங்கள்.

சாதாரண டிஎன்எஸ் கேள்வி போர்ட் 53 என்ற வழக்கமான வாசல் வழியாக, அஞ்சலட்டை மாதிரி திறந்தபடியே போகிறது. கம்பெனி அதை வழியில் மடக்கித் தன் சர்வரிடம் திருப்பிவிடலாம். நீங்கள் எந்த எண்ணைப் போட்டாலும் பதில் அங்கிருந்துதான் வரும்.

சந்தேகமா? விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் என்எஸ்லுக்அப் (nslookup) கட்டளையில், ஏதாவது ஒரு தளத்தின் பெயரையும் பின்னால் 192.0.2.1 என்றும் கொடுங்கள். அது உதாரணங்களுக்கென்று ஒதுக்கிய எண்; அங்கே சர்வரே கிடையாது. பதில் வராமல் டைம் அவுட் ஆக வேண்டும். பதில் வந்தால் யாரோ நடுவில் உட்கார்ந்திருக்கிறார்கள்! என் வீட்டில் பட்டென்று பதில் வந்தது. அப்புறம் பார்த்தால், மடக்கியது கம்பெனி கொடுத்த ரவுட்டர்தான். அதனால் மொபைல் ஹாட்ஸ்பாட்டிலும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

ஒன்று: இதனால் விளம்பரப் பக்கம் போகும், ஆனால் முழு மறைவு கிடைக்காது. ஹெச்டிடிபிஎஸ் இணைப்பு தொடங்கும்போது தளத்தின் பெயர் பெரும்பாலும் திறந்தே போகிறது, அதைக் கம்பெனி பார்க்கலாம். விபிஎன் (எல்லாவற்றையும் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) போட்டால் அவர்களுக்குத் தெரியாது, விபிஎன்காரருக்குத் தெரியும்.