வெளிநாட்டில் போதகர் பயிற்சி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் சபையிலிருந்து நான்கு பேர் வெளிநாடு சென்று, அங்குள்ள கிராமப் போதகர்களுக்கு ஐந்து நாள் வேத வகுப்பு நடத்தப் போகிறோம். 200 பேரை அழைக்கலாமா? எந்தப் பாடங்களை எடுப்பது?

பதில்: 200 பேர் வந்தால் அது கன்வென்ஷன்தான், பயிற்சி ஆகாது. ஒரு போதகர் பத்து நிமிடம் பிரசங்கித்து, ஐந்து நிமிடம் மற்றவர்கள் கருத்துச் சொன்னால் ஆளுக்குக் கால் மணி நேரம். 24 பேருக்கு ஆறு மணி நேரம், அதாவது ஒரு முழு நாள். 200 பேருக்கு 50 மணி நேரம் வேண்டும். அவர்களைப் பேச வைத்துக் கேட்காமல் எங்கே பிழை வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே 20 முதல் 25 பேர் போதும்.

அந்த 25 பேரை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம், அங்குள்ள சபைத் தலைவர்களே தேர்ந்தெடுக்கட்டும். வாராவாரம் ஏதாவது ஒரு கூட்டத்துக்கு ஏற்கெனவே போதித்து வருபவராக இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை மட்டும் வையுங்கள். 2 தீமோத்தேயு 2:2-இல் பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்கள் போதிக்கப்போகும் மற்றவர்கள் என நான்கு தலைமுறை இருக்கிறது. மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடும் வகுப்புகள்தான் அதிகம்.

பாடத்துக்கு வேதத்தின் ஒரே புத்தகத்தை எடுங்கள். பிலிப்பியர் நல்ல தொடக்கம்: 4 அதிகாரம், 104 வசனம். முதல் நாள் முழு நிருபத்தையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், கால் மணி நேரம்தான் ஆகும். எழுதியவர் எங்கே இருந்தார், எந்த நிலையில் இருந்தார், ஏன் எழுதினார் என்பதை அவர்களே வசனங்களிலிருந்து எடுக்கட்டும். பவுல் கட்டப்பட்டிருந்தது 1:13-இல் தெரியும், எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்த உதவி 4:18-இல் வரும். இரண்டாம் நாள் ஒரு பகுதியை எடுத்து, அதன் மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். இங்கேதான் பலர் திணறுவார்கள். அவசரப்படாதீர்கள், அரை நாள் போனாலும் பரவாயில்லை. மூன்றாம் நாள் அந்த வாக்கியத்திலிருந்து பிரசங்கக் குறிப்பு. நான்காம், ஐந்தாம் நாட்களில் அவர்கள் பிரசங்கிக்க, நீங்கள் கேளுங்கள்.

அடிக்கடி வரும் பிழை ஒன்று: “எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்ற 4:13-ஐ மட்டும் பிரித்தெடுத்து, நினைத்ததையெல்லாம் சாதிக்கலாம் என்று பிரசங்கிப்பது. “தவறு” என்று நீங்கள் சொல்ல வேண்டாம். 11, 12-ஆம் வசனங்களை வாசிக்கச் சொல்லி, “இங்கே பவுல் எதைச் செய்யப் பெலன் பெற்றார்?” என்று கேளுங்கள். பசியிலும் மனரம்மியமாயிருக்க என்று அவர்களே கண்டுபிடித்துச் சொன்னால், அடுத்த வசனத்தையும் அப்படியே வாசிக்கக் கற்றுக்கொள்வார்கள்.

கேள்வி: மொழிபெயர்ப்பாளர் மூலம் போதிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் நேரம். ஒரு மணி நேர வகுப்பில் உங்களுக்குக் கிடைப்பது அரை மணிக்கும் குறைவு. தயாரித்ததில் பாதியை வெட்டிவிட்டுப் போங்கள். குறிப்புகளை இரண்டு வாரம் முன்பே மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்புங்கள். இருவர் இருந்து மாறி மாறிச் செய்தால் நல்லது. தனியாள் என்றால் மதியத்துக்குள் களைத்துப்போவார், அதன்பின் சுருக்கிச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

தமிழில் பேசுவோர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. பாதியில் நிறுத்தினால், வினை முன்னே வரும் மொழிக்காரரால் வாயைத் திறக்கவே முடியாது. சிறு வாக்கியமாக, முழுதாகச் சொல்லி நிறுத்துங்கள்.

வேதபகுதியை மொழிபெயர்ப்பாளர் சொந்தமாக மொழிபெயர்க்கக் கூடாது. பங்கேற்பவர்கள் தங்கள் மொழி வேதாகமத்திலிருந்து வாசிக்கட்டும். சில மொழிகளில் புதிய ஏற்பாடு மட்டுமே உண்டு. அதைக் கேட்டறியாமல் பழைய ஏற்பாட்டிலுள்ள யோனாவைத் தயாரித்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லாரும் தலையசைப்பார்கள். கேட்டதைப் பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள், உண்மை தெரிந்துவிடும்.

கேள்வி: அதைவிட, அங்குள்ள சிலரை உதவித்தொகை கொடுத்து நம் வேதாகமக் கல்லூரியில் மூன்று வருடம் படிக்க வைத்தால் என்ன?

பதில்: கிராமச் சபைப் போதகருக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. சபை மூன்று வருடம் மேய்ப்பனில்லாமல் இருக்கும், அவர் அந்நிய மொழியில் படிப்பார், படித்தபின் கிராமத்துக்குத் திரும்பாமலும் போகலாம். இந்தச் சிக்கலைப் பார்த்துத்தான் குவாத்தமாலாவின் பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி 1963-இல் ‘டி.இ.இ.’ (Theological Education by Extension) என்ற இறையியல் விரிவாக்கக் கல்வியைத் தொடங்கியது. மாணவர் சபையையும் வேலையையும் விடாமல் வீட்டில் பாடநூலைப் படிப்பார், வாரம் ஒருமுறை ஆசிரியரோடு கூடி விவாதிப்பார். அது பல நாடுகளுக்குப் பரவியது. ஆனால் அந்த வாரக் கூட்டத்தை நிறுத்தினால் அது தபால் கல்வி, கூட்டத்தில் ஆசிரியரே பேசித் தீர்த்தால் பழைய வகுப்பறை.

அங்குள்ள கல்லூரியில் ஆசிரியராகப் போகிறவருக்கு மட்டும் மேற்படிப்பு அவசியம். அதுவும் முடிந்தவரை அருகிலுள்ள நாட்டில், அங்கீகாரம் பெற்ற கல்லூரியில்.

கேள்வி: வருபவர்களுக்குத் தினப்படி கொடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். தினப்படிக்காகவே வருகிறவர்கள் சேர்ந்துவிடுவார்கள். படி நின்ற அன்று வகுப்பும் நின்றுவிடும். தங்குமிடத்தை அங்குள்ள சபைகள் பார்த்துக்கொள்ளட்டும். தூரத்திலிருந்து வருபவரின் பயணச் செலவை உள்ளூர்க் குழு மூலம், ரசீது பார்த்துக் கொடுக்கலாம்.

கேள்வி: சுற்றுலா விசாவில் போய் வகுப்பு எடுக்கலாமா?

பதில்: பல நாடுகளில் மதபோதனைக்குத் தனி அனுமதி தேவை. தூதரகத்திடமும் அழைக்கும் சபையிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டுப்பாடுள்ள நாட்டில் மீறினால் உங்களைப் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். அங்கேயே வாழும் போதகர்தான் விசாரணைக்குப் போவார். அப்படிப்பட்ட இடங்களில் வகுப்புப் படங்களையும் பெயர்களையும் சமூக வலைத்தளங்களில் போடவே கூடாது.

கேள்வி: ஒருமுறை போய் வந்தால் போதாதா?

பதில்: போதாது. மூன்று வருடம், வருடத்துக்கு இரண்டு முறை, அதே ஆட்கள் என்று திட்டமிடுங்கள். இடைப்பட்ட ஆறு மாதத்தில் ஒவ்வொருவரும் படித்த புத்தகத்திலிருந்து நான்கு பிரசங்கம் செய்து, குறிப்புகளைக் கொண்டுவர வேண்டும். வேறு நான்கைந்து பேரைச் சேர்த்து மாதம் ஒருமுறை கற்பிக்க வேண்டும். இரண்டாம் வருடம் பாதி வகுப்புகளை அவர்களே நடத்தட்டும். மூன்றாம் வருடம் நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள், கேட்டால் மட்டும் பேசுங்கள். எந்தப் பயணத்தில் எது நடத்தப்பட்டது என்று ஒரு பதிவேடு வைத்திருங்கள். இல்லையென்றால் புதிதாகப் போகும் ஒவ்வொரு ஆசிரியரும் பாலபாடத்திலிருந்தே தொடங்குவார்.