பரிசுத்தம் என்றால் சுத்தம்தானா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): அண்ணா, எங்கள் பூசையில் 'தூய ஆவியார்' என்கிறோம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலில் 'பரிசுத்த ஆவி'. மலையாளத்தில் 'பரிசுத்தாத்மாவு'. எல்லாம் ஒன்றா?

பதில்: ஒன்றேதான், அக்கா. ஆனால் இந்தச் சொற்களைக் கேட்டதும் நமக்கு அழுக்கில்லாமைதான் முதலில் தோன்றுகிறது. பைபிளில் மூலமான எபிரேயச் சொல் 'கோதெஷ்'. கடவுளுக்கென்று ஆனது என்பதே அதில் முதன்மை. உங்கள் மலையாளச் சொந்தங்கள் திருவருட்சாதனத்தை (ஞானஸ்நானம், நற்கருணை போன்ற சடங்குகளை) 'கூதாச' என்பார்களே, அது சிரியாக் என்ற பழைய மொழி வழியாக வந்த சொல். வேர் இதே வேர்தான். நம்மிடமும் இதற்கு நெருக்கமான வழக்கு உண்டு: நேர்ந்துவிடுவது. சாமிக்கு நேர்ந்துவிட்ட கடா மற்ற கடாக்களைவிடச் சுத்தம் என்று யாரும் சொல்வதில்லை. அது இன்னாருக்கு உரியது, அதனால் சந்தைக்கு ஓட்ட மாட்டோம், அவ்வளவுதான். தலைமைக் குருவின் நெற்றிப்பட்டத்தில் 'கர்த்தருக்குப் பரிசுத்தம்' என்று பொறிக்கச் சொல்கிறது பைபிளின் யாத்திராகமம் 28-ஆம் அதிகாரம். சகரியா 14 அதே வாசகத்தைக் குதிரையின் மணிகளில் எழுதிவிடுகிறது. எருசலேமில் இருக்கும் ஒவ்வொரு பானையும் பரிசுத்தமாகும் என்கிறது. அடுப்படிப் பானைகூட! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கேள்வி (மூணாறு): கடா உவமை சரி. கடவுளையும் பரிசுத்தர் என்கிறோமே, அவர் யாருக்கு நேர்ந்துவிடப்பட்டவர்?

பதில்: நல்ல பிடி, தம்பி. உவமை அங்கே நின்றுவிடுகிறது. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் என்ற இறையியலாளர் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி காட்டினார். உடம்பையும் ஆரோக்கியம் என்கிறோம், கஞ்சியையும் ஆரோக்கியம் என்கிறோம். ஒரே பொருளில் இல்லை. அதற்காகச் சம்பந்தமே இல்லாமலும் இல்லை. உடம்பை வைத்துத்தான் கஞ்சிக்கு அந்தப் பெயர். அதுபோல, கடவுள் தாமாகவே பரிசுத்தர். பானையும் மனிதரும் அவருக்கு உரியவர்களாவதால் பரிசுத்தம்.

கேள்வி (பாறசாலை): பரிசுத்தவான்கள் என்றால் பீடத்தில் வைத்திருக்கும் புனிதர்கள் மட்டுமா?

பதில்: இல்லை. கட்சி கட்டிக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்ட கொரிந்து சபையாரையும் அப்போஸ்தலர் பவுல் தம் கடிதத்தில் அப்படித்தான் அழைக்கிறார்.

கேள்வி (வேலந்தாவளம்): மாதவிலக்கு நாளில் நற்கருணை வாங்கக்கூடாது என்கிறார் என் பாட்டி. தீட்டாம்.

பதில்: வாங்கலாம், தங்கச்சி. கத்தோலிக்கத் திருச்சபையில் அப்படி ஒரு தடையே கிடையாது. பாட்டி சொல்வது எங்கிருந்தோ வந்ததல்ல, லேவியர் 15-இல் அந்தத் தீட்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் மாற்கு 5-ஐப் பாருங்கள். 12 வருடம் உதிரப்போக்கோடு தவித்த பெண் கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் உடையைத் தொடுகிறாள். சட்டப்படி தீட்டு அவருக்கு ஒட்ட வேண்டும். நடந்ததோ தலைகீழ்: அவரிடமிருந்து வல்லமை புறப்பட்டு அவளைக் குணமாக்குகிறது. அவர் அவளைத் திட்டவில்லை, 'மகளே' என்று கூப்பிட்டார். பாட்டியோடு வாக்குவாதம் வேண்டாம். ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து அந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள்.