சிகாகோ டவுன்டவுனில் இருக்கும் பழைய ஜெர்மன் பீர் ஹால் பெர்காஃபுக்கு எப்போது போகலாம், என்ன வாங்கலாம்?

முதலில் நேரத்தைப் பாருங்கள். பெர்காஃப் இருப்பது லூப் எனப்படும் அலுவலகப் பகுதியின் நடுவில். மியூனிக் பீர் திருவிழாக் கூடாரம் போல நீள பெஞ்சும் பாட்டும் கூத்தும் எதிர்பார்த்துப் போகக் கூடாது. இது அலுவலகக்காரர்களின் மதியச் சாப்பாட்டுக் கடையாக வளர்ந்த இடம். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை கூட்டம் நெரியும். பதினொன்றரைக்கு முன்போ இரண்டு மணிக்கு மேலோ போனால் நிதானமாக உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமை லூப்பே அடங்கிவிடும், இவர்களுக்கும் வழக்கமாக விடுமுறை. கிளம்பும் முன் அவர்கள் தளத்தில் அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முகவரி 17 வெஸ்ட் ஆடம்ஸ். சிகாகோவில் கிழக்கு மேற்கு எண்கள் ஸ்டேட் தெருவில்தான் தொடங்கும், ஒற்றைப்படை எண்கள் தெருவின் தென்புறம். ஆகவே ஸ்டேட்டைத் தாண்டி மேற்கே திரும்பியதும் இடது கைப்பக்கம் பாருங்கள். ஓஹேர் விமான நிலையத்திலிருந்து வருபவர்கள் புளூ லைனில் மன்ரோ அல்லது ஜாக்சனில் இறங்கலாம். மேம்பால ரயிலில் வந்தால் ஆடம்ஸ்/வாபாஷ்.

இந்த இடத்தின் கதை தெரிந்தால் மெனுவும் புரியும். ஜெர்மனியின் டார்ட்மண்டிலிருந்து வந்த பெர்காஃப் சகோதரர்கள் 1887 முதல் இண்டியானாவின் ஃபோர்ட் வெய்னில் பீர் காய்ச்சினார்கள். சிகாகோவில் நடந்த 1893 உலகப் பொருட்காட்சிக்கு வந்த கூட்டத்திடம் அந்த பீரை விற்றுப் பார்த்த ஹெர்மன் பெர்காஃப், 1898-இல் அதே ஊரில் சலூன் எனப்படும் மதுக்கடை திறந்தார். பீர் ஐந்து சென்ட், கூடவே சாண்ட்விச் இலவசம். மதுவிலக்குக் காலத்தில் முழு உணவகமாக மாறித் தப்பித்தது. மதுவிலக்கு நீங்கிய 1933-இல் நகரத்தின் முதல் எண் மது உரிமம் இவர்களுக்குத்தான் கிடைத்தது. பாரில் 1969 வரை ஆண்களுக்கு மட்டுமே இடம். பெண்ணுரிமை அமைப்பினர் வந்து அமர்ந்து கேட்ட பிறகே அந்த வழக்கம் ஒழிந்தது.

பீர் கேட்கும்போது வகையைச் சொல்லிக் கேளுங்கள். "லைட்" என்றால் அமெரிக்காவில் கலோரி குறைந்த, நீர்த்த பீர் வந்துவிடும். தெளிவான, கசப்பு அடங்கிய பீர் வேண்டுமென்றால் லாகர் அல்லது டார்ட்மண்டர். வாழைப்பழமும் கிராம்பும் கலந்த மணம் வேண்டுமென்றால் ஹெஃபவைசன். அது கலங்கலாகத்தான் இருக்கும், கெட்டுப்போனதல்ல, வடிகட்டாமல் பீரிலேயே மிதக்கும் ஈஸ்ட். டுங்கல் கறுப்பாக இருப்பதால் போதை அதிகம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். நிறம் வறுத்த மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டிய தானியத்திலிருந்து வருகிறது. மதுச்சத்து 5 சதவீதத்தை ஒட்டித்தான். கவனிக்க வேண்டியது டாப்பல்பாக், அது 7-ஐத் தாண்டும். கிளாஸ் அளவு 16 அவுன்ஸ் என்றிருந்தால் அது 473 மி.லி., நம்மூர் பெரிய பாட்டிலின் 650-ஐ விடக் குறைவு.

குடிக்காதவர்களும் குழந்தைகளும் ரூட் பீர் வாங்கலாம். பெயரில்தான் பீர், போதை கிடையாது. நன்னாரி சர்பத்துக்குத் தூரத்து உறவு போன்ற சுவை, மேலே ஒரு தைல வாடை. மதுவிலக்கின்போது இந்தக் கடையைத் தாங்கிப் பிடித்ததில் அதற்கும் பங்குண்டு. ஒரு தடவை அவசியம் குடித்துப் பாருங்கள்.

சாப்பாட்டில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வீனர் ஷ்னிட்சல் என்பது மேல்மாவு பூசிப் பொரித்த கன்றிறைச்சி. சவர்பிராட்டன் வினிகரில் நாள்கணக்கில் ஊறிய மாட்டிறைச்சி, புளிப்பும் இனிப்புமான குழம்போடு வரும். மாடு சாப்பிடாதவர்கள் ஷ்னிட்சல் என்ற பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் செய்யாமல், எந்த இறைச்சி என்று கேளுங்கள். சைவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கிரீம் சேர்த்த கீரை இங்கே புகழ்பெற்றது, ஆனால் அந்த வகைக் கீரையில் கோழிச்சாறோ பேக்கன் எனும் பன்றியிறைச்சியோ சேர்வது வழக்கம். சிவப்பு முட்டைக்கோஸிலும் சூடான உருளைக்கிழங்கு சாலடிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். ஷ்பேட்ஸ்ல எனும் ஜெர்மன் நூடுல்ஸில் முட்டை உண்டு. "வெஜிடேரியனா?" என்று மட்டும் கேட்டால் சில சமயம் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். "கோழிச்சாறு, பேக்கன், முட்டை சேர்த்திருக்கிறதா?" என்று பொருளின் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஷ்னிட்சல் வந்ததும் எலுமிச்சை பிழிந்து உடனே சாப்பிடுங்கள், ஆறினால் மேல்மாவு நமுத்துவிடும்.

மது வேண்டுமென்றால் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். நரைத்த தலைக்கும் அடையாள அட்டை கேட்பதுண்டு. அசல் பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். ஆதாரையும் போனில் உள்ள படத்தையும் நம்பிப் போக வேண்டாம்.

மெனு விலையோடு வரியும் டிப்ஸும் சேரும். 40 டாலருக்குச் சாப்பிட்டால் வரி சுமார் 12 சதவீதம், ஏறக்குறைய 4.80. டிப்ஸ் 20 சதவீதம், 8 டாலர். ஆக 53-ஐ நெருங்கும். சேவைக் கட்டணம் ஏற்கெனவே பில்லில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை கொடுத்துவிடுவீர்கள். பாரில் நின்று குடித்தால் ஒரு கிளாசுக்கு ஒன்றிரண்டு டாலர் போதும்.

சாப்பிட்டு முடித்ததும் ஆடம்ஸ் தெருவிலேயே கிழக்கே ஐந்து நிமிடம் நடந்தால் தெரு ஆர்ட் இன்ஸ்டிடியூட் வாசலில் முடியும். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி முதலானோர் துணைநிற்க வந்த விவேகானந்தர் 1893 செப்டம்பர் 11 அன்று சர்வமத மாநாட்டில் பேசியது இந்தக் கட்டடத்தில்தான். பெர்காஃப் பீர் விற்ற அதே பொருட்காட்சியை ஒட்டி நடந்த மாநாடு அது. வாசலில் நிற்கும் வெண்கலச் சிங்கங்கள் மறு ஆண்டு, 1894-இல் வந்தவை.